வீதியோரக் குழிகளும் என் மண்ணீரலும்

சைக்கிளில் இருந்து விழுந்தால், எழும்பி மண்ணைத் தட்டிவிட்டு அப்படியே போய்விடாதீர்கள். வயிற்றில் ஹேண்டில் இடித்திருந்தால் கட்டாயம் ஒரு வைத்தியரிடம் காட்டுங்கள். வெளியே ஒரு சொட்டு இரத்தமும் தெரியாமல் உள்ளே குடம் நிறையலாம். எனக்கு அப்படித்தான் ஆனது. அது தெரியாமல் நான் ஒரு பகல் முழுக்க மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பெருக்கல் சொல்லிக்கொடுத்துக்கொண்டு நின்றேன். இதை எழுத உட்கார்ந்ததே முதலில் இந்த ஒன்றைச் சொல்லத்தான்.

எங்கள் வீடு ஓட்டமாவடிப் பாலத்துக்கு வடக்கே, கதிரவெளிப் பக்கம் போகும் பெரிய வீதியில் இருக்கிறது. நான் படிப்பிக்கும் பள்ளிக்கூடமும் அதே வீதியில்தான். என் கணவர் சிவலிங்கம் வாழைச்சேனைத் துறைமுகத்தில் இருந்து ஆழ்கடலுக்குப் போகும் படகில் வேலை செய்கிறார். போனால் வாரக்கணக்கில் கரைக்கு வரமாட்டார். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அவருடைய தங்கை கமலா பக்கத்து வளவில் இருக்கிறாள். எனக்கு மச்சாள், துணை, சில நேரம் தாய். எல்லாம் அவள்தான்.

வீதியைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் சலீம் காக்காவில் இருந்து தொடங்க வேண்டும். எங்களுக்கெல்லாம் காக்கா, அண்ணன் மாதிரி; எங்கள் வீதியில் இருந்த கமக்காரர். தினமும் விடியப்புறம் தொழுதுவிட்டு வட்டைக்கு, அதாவது வயல்வெளிக்கு, சைக்கிளில் போவார். அன்றும் வெள்ளைக் கோட்டுக்கு வெளியே, ஓரத்தில், ஒழுங்காகத்தான் போனார். இரவு முழுக்க ஓடி வந்த ஒரு வேனின் சாரதி ஸ்டியரிங்கிலேயே நித்திரையாகிவிட்டார். வேன் கோட்டைத் தாண்டி வந்து சலீம் காக்காவை அடித்தது. அந்த இடத்திலேயே முடிந்துவிட்டது.

அவருடைய மனைவி ரஹீமா ராத்தா இத்தா முடிந்து, கணவன் இறந்தால் வீட்டுக்குள் இருக்க வேண்டிய அந்த மாதங்கள் முடிந்து, வெளியே வந்த நாளில் இருந்து ஒரே ஒரு பேச்சுத்தான் பேசினார்.

"அந்த டிரைவர ஆராவது ஒருக்காத் தட்டி எழுப்பியிருந்தா என்ட மனிசன் இருந்திருப்பாரு."

அப்படித் தட்டி எழுப்ப ஒரு வழி இருக்கிறது என்று யாரோ அவருக்குச் சொன்னார்கள். வேறு பக்கத்து வீதிகளில் தார் ஓரத்தில் குறுக்காகக் குழி குழியாகக் கீறி விட்டிருக்கிறார்களாம். வாகனத்தின் சில்லு அதில் ஏறினால் வாகனம் முழுக்கக் கடகடவென்று அதிரும், தூங்கியவன் திடுக்கிட்டு எழும்புவான். ராத்தா அதைக் கேட்டு அலுவலகம் அலுவலகமாக நடந்தார். வீதியில் இருந்த எல்லாரும் கையெழுத்து வைத்தோம். நானும் வைத்தேன். ஒருநாள் பெரிய இயந்திரம் வந்து ஓரமெல்லாம் கீறிக்கொண்டு போனபோது, ராத்தா வெயிலில் நின்று அது போய் முடியும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். எங்களுக்கும் சந்தோசம்தான்.

பிரச்சினை அடுத்த நாள் காலையில்தான் விளங்கியது. அந்த ஒடுக்கமான தார் ஓரம் எங்களுடைய இடம். மீன் பெட்டி கட்டிப் போகிறவர்கள், பள்ளிப் பிள்ளைகள், வயலுக்குப் போகிறவர்கள், நான் எல்லாரும் அதில்தான் சைக்கிள் ஓடுவோம். அந்த அகலம் முழுக்கக் குழி. கார் சில்லு அதைத் தாங்கும். சைக்கிள் சில்லு எங்கே தாங்கும்? அதன் மேல் ஓடினால் கை விறைக்கும், பெல் தானாக அடிக்கும், பற்கள் மோதும். கோட்டுக்கு உள்ளே ஓடினால் பின்னால் லொறி. குழிக்கு அங்கால் ஓடினால் மணல். இடையில் ஏறி இறங்கவும் ஓர் இடைவெளி விடவில்லை. கீறியவர்களுக்கு எங்கள் ஞாபகம் வரவில்லை. கேட்ட எங்களுக்கே வரவில்லையே!

அதனால் நாங்கள் கோட்டுக்கு உள்ளே, வாகனங்களோடு ஓடத் தொடங்கினோம்.

அன்று காலை பின்னால் ஒரு டிப்பர் ஹோன் அடித்துக்கொண்டு வந்தது. எதிரே ஒரு பஸ். எனக்கு இடம் இல்லை. கோட்டைத் தாண்டி ஓரத்துக்கு இறங்கினேன். முன்சில்லு குழிகளில் ஏறியதும் ஹேண்டில் பிடிக்க முடியாமல் உதறியது. கூடைக்குள் இருந்த பிள்ளைகளின் கொப்பிகள் துள்ளி விழுந்தன. பிரேக் பிடிக்க விரல் மடங்கவில்லை. தப்புவதற்காக இன்னும் இடப்பக்கம் வெட்டினேன். தார் முடிந்து மணல் தொடங்கும் இடத்தில் முன்சில்லு புதைந்து திரும்பியது. வலப்பக்கமாக விழும்போது, திரும்பிய ஹேண்டிலின் நுனி இடது விலாவுக்குக் கீழே ஒரு குத்துக் குத்தியது. மூச்சு நின்று மறுபடி வந்தது. டிப்பர் ஒன்றும் அறியாமல் போய்விட்டது.

மீன் பெட்டியோடு பின்னால் வந்த ஒருவர் இறங்கி என்னைத் தூக்கிவிட்டார்.

"ரீச்சர், முழங்கை தேஞ்சிரிக்கு. வேற எங்கயும் நோகுதா?"

"இல்ல தம்பி. அந்தக் கொப்பியள மட்டும் பொறுக்கித் தாங்க."

அப்படித்தான் சொன்னேன். கொப்பிகளைத் தட்டி அடுக்கிக்கொண்டு பள்ளிக்குப் போனேன்.

மத்தியானம் ஆனபோது இடது தோள் வலித்தது. அது எனக்குப் புதினமாக இருந்தது, ஏனென்றால் நான் விழுந்தது வலப்பக்கம். வயிற்றில் ஒரு கனம். சாப்பாடு இறங்கவில்லை. வீட்டுக்கு வந்து குளிக்கப் போனேன். வாளியில் இருந்து தண்ணீர் அள்ளக் குனிந்ததும் கண் இருண்டது. அடுத்தது எனக்குத் தெரிந்தது கமலாவின் குரல்தான்.

"மச்சாள்! மச்சாள்! கண்ணத் திறங்ககா! ஐயோ, ஆராவது ஓட்டோ கொண்டாங்களன்!"

பக்கத்து ஆஸ்பத்திரியில் நாடியையும் பிரஷரையும் பார்த்ததும் பேச்சே இல்லை. கையில் சேலைன் ஊசியைக் குத்தி, அம்புலன்சில் ஏற்றி மட்டக்களப்புப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அம்புலன்சுக்குள் கமலா என் காலைப் பிடித்துக்கொண்டு இருந்தாள். ஏன் கால் என்று பிறகு கேட்டேன். "கையெல்லாம் அவங்கட வயர். எனக்குப் பிடிக்க வேற என்ன இருந்த?" என்றாள்.

அங்கே என்னை முதலில் பார்த்தவர் ஓர் இளம் சிங்கள வைத்தியர், பெண். தமிழ் கொஞ்சம்தான் தெரியும். தெரிந்த சொற்களை ஒன்றொன்றாக எடுத்து வைத்துப் பேசினார்.

"அம்மா, விழுந்தது எப்பிடி?"

சொன்னேன். அவர் தன் இடது தோளைத் தொட்டுக் காட்டினார்.

"இங்க வலி இருக்கா?"

"ஓம். ஆனா அது அடிபடல்ல டொக்டர்."

அவருடைய முகம் மாறியதைக் கண்டேன். அந்தக் கேள்வியின் அர்த்தம் பிறகுதான் தெரிந்தது. இடது விலாவுக்கு அடியில், இரைப்பைக்குப் பின்னால், கைப்பிடி அளவில் மண்ணீரல் இருக்கிறது. மென்மையான, இரத்தம் நிறைந்த உறுப்பு. அது கிழிந்து இரத்தம் கசிந்தால், மேலே இருக்கும் மூச்சுத் தசையை அது உறுத்தும். அந்தத் தசையின் நரம்பும் தோளின் நரம்பும் கழுத்தில் ஒரே இடத்தில் இருந்து வருவதால், வயிற்றில் நடப்பதை மூளை தோள்வலி என்று எடுத்துக்கொள்ளும். அடிபடாத தோள் நோவது அதனால்தான்.

ஸ்கேன் செய்தார்கள். வயிற்றில் குளிர்ந்த பசையைத் தடவி ஒரு சிறு கருவியை ஓட்டினார்கள். திரையில் கறுப்பாகத் தெரிந்ததெல்லாம் இருக்கக் கூடாத இடத்தில் இருந்த இரத்தம். பிறகு என்னை ஒரு பெரிய வளையத்துக்குள் தள்ளிப் படம் எடுத்தார்கள். சத்திரசிகிச்சை நிபுணர் வந்தார். நரைத்த தலை, மெல்லிய குரல்.

"உங்கட மண்ணீரல் கிழிஞ்சிருக்கு ரீச்சர். இப்போதைக்கு இரத்தம் தானா நிண்டிருக்கு போல. வெட்டாமலே சில பேருக்குச் சுகப்படும். அதனால பொறுத்துப் பாப்பம். ஆனா நீங்க அசையக் கூடாது. கக்கூசுக்குக்கூட எழும்பப் படாது."

"எவ்வளவு நாளைக்கு?"

"அது உங்கட கையில இல்ல, என்ட கையிலயும் இல்ல" என்று சிரித்தார்.

அசையாமல் கிடப்பது இவ்வளவு பெரிய வேலை என்று எனக்குத் தெரியாது. காலையில் இருந்து இரவு வரை நின்று பழகிய உடம்பு. இப்போது கூரை விசிறியைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். தாதிமார், எங்களுக்கு மிஸிமார், திரும்பத் திரும்ப வந்து நாடி பார்த்தார்கள். வயிற்றைச் சுற்றி அளவு நாடா வைத்து வீங்குகிறதா என்று பார்த்தார்கள். இரத்தம் எடுத்து, அதில் சிவப்பு குறைகிறதா என்று சோதித்தார்கள். குறைந்தால் உள்ளே ஒழுகுகிறது. ஒவ்வொரு முறையும் முடிவு வரும்வரை நானும் கமலாவும் பேசாமல் இருப்போம். மிஸி வந்து "அப்படியே இருக்கு" என்று சொன்னால், கமலா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, விட்ட இடத்தில் இருந்து கதையைத் தொடங்குவாள்.

வாய்க்கு ஒன்றும் தரக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். எந்த நேரமும் ஒப்பரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோக வேண்டி வரலாமாம். கமலா சாப்பிடுவதையே நான் காணவில்லை. கேட்டால் "சாப்பிட்டன் சாப்பிட்டன்" என்பாள். ஒருநாள் அவள் என் நெற்றியைத் தடவியபோது கையில் சவர்க்கார வாசம் கடுமையாக வீசியது. பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் சொல்லித்தான் தெரிந்தது. அவள் சோற்றுப் பொதியை வெளியே கொண்டுபோய், மதிலோரம் நின்றபடியே சாப்பிட்டுவிட்டு, மீன்கறி வாசம் எனக்கு அடிக்கக் கூடாதென்று கையைத் திருப்பித் திருப்பிக் கழுவிவிட்டு வருவாளாம்.

பயம் எனக்கு இரண்டு விதமாக வந்தது. ஒன்று சாவைப் பற்றியது. மற்றது, நான் செத்தால் அவருக்கு யார் சொல்வார்கள், எப்போது சொல்வார்கள் என்பது. கணவர் அப்போது நடுக்கடலில் இருந்தார். படகு முதலாளி கரையில் இருந்து வயர்லெஸ் செற்றில் செய்தி சொல்லியிருந்தார். படகு திரும்பிக் கரை சேர நாள் எடுக்கும். செற்றில் பேசியபோது அவர் என்ன சொன்னார் என்று கமலாவிடம் கேட்டேன்.

"ஒண்டும் சொல்லல்லயாம் மச்சாள். மறுகா, 'புள்ள தண்ணி குடிக்கிறாவா?' எண்டு மட்டும் கேட்டாராம்."

அவர் என்னைப் புள்ள என்றுதான் கூப்பிடுவார், கலியாணம் கட்டிய நாளில் இருந்து.

வந்த அன்று துறைமுகத்தில் இருந்து நேரே ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தார். குளித்து உடுப்பு மாற்றியிருந்தாலும் புருவத்தில் உப்புப் படிந்திருந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். தொட்டால் நான் உடைந்துவிடுவேனோ என்று நினைத்தவர் போல இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டார்.

"என்ன புள்ள இது?"

"விழுந்துட்டன்."

"அது தெரியும்."

என் தலைமயிரைப் பார்த்தார். விழுந்த நாளில் இருந்து அது வாரப்படாமல், மணலோடு, தலையணையில் திரிந்து கட்டியாகக் கிடந்தது. கமலாவிடம் சீப்பு வாங்கினார். கொஞ்சம் தேங்காயெண்ணெய் கேட்டார். என் தலையை அசைக்காமல், மயிரைக் கட்டிலின் தலைமாட்டுக்கு வெளியே எடுத்துப் போட்டுவிட்டு, ஸ்டூலில் உட்கார்ந்து நுனியில் இருந்து தொடங்கினார். வலைச் சிக்கெடுத்துப் பழகிய விரல்கள். ஓர் இடத்திலும் இழுபடவில்லை. பெண்கள் வாட்டில் பார்வையாளர் நேரத்தில் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, என் கணவர் எனக்குப் பின்னல் போட்டார். கோணல் பின்னல்தான். மிஸி ஒருவர் வந்து நின்று பார்த்துவிட்டு, "எங்கட வீட்டுக்காரரையும் உங்களோட கடலுக்கு அனுப்பவேணும்" என்றார். வாட்டே சிரித்தது. எனக்குச் சிரிக்கக்கூட வயிறு விடவில்லை.

அன்று கஞ்சி குடிக்கலாம் என்றார்கள். சில நாளில் வீட்டுக்குப் போகலாம் என்ற பேச்சும் வந்தது.

அடுத்த நாள் பின்னேரம் ரஹீமா ராத்தா வந்தார். ஓட்டமாவடியில் இருந்து பஸ்ஸில், தனியாக, கையில் இரண்டு இளநீரோடு. கணவரும் கமலாவும் தேத்தண்ணி குடிக்க வெளியே போயிருந்தார்கள். ராத்தா ஸ்டூலின் விளிம்பில் உட்கார்ந்தார்.

"அது நான் கேட்ட குழி ரீச்சர்" என்றார் எடுத்த எடுப்பிலேயே. "நான் கேட்டுத்தான் அதக் கீறின. என்ட மனிசனப் போல இன்னொருத்தர் போகப்படாது எண்டுதான் கேட்ட. அது உங்களக் கொண்டுபோய்ப் போட்டுட்டு."

"அப்பிடிச் சொல்லாதீங்க ராத்தா. நாங்களெல்லாரும்தானே கேட்ட."

இதைச் சொல்லும்போதே எனக்குக் கொட்டாவி வந்தது. வாயைப் பொத்தினேன். இன்னொன்று வந்தது. அவர் அழுதுகொண்டு பேசுகிறார், நான் கொட்டாவி விடுகிறேன் என்று வெட்கமாக இருந்தது. ஆனால் நிறுத்த முடியவில்லை. அவருடைய குரல் கிணற்றுக்குள் இருந்து வருவது போலக் கேட்கத் தொடங்கியது. தோள் மறுபடி வலித்தது. அது வலிக்கிறது என்று சொல்லக்கூட எனக்கு எண்ணம் வரவில்லை.

ராத்தா பேச்சை நிறுத்திவிட்டு என் கையைப் பிடித்தார்.

"என்ன ரீச்சர், கை ஐஸ் மாதிரிக் கிடக்கு? ஏன் இப்பிடிக் கொட்டாவி விடுறீங்க? உதடெல்லாம் வெளுத்திருக்கே… மிஸி! மிஸி! ஓடி வாங்க! ரீச்சருக்கு என்னமோ செய்யுது!"

மிஸிமார் ஓடி வந்தது நினைவிருக்கிறது. கட்டிலின் கால்மாட்டை உயர்த்தியதும், இரத்தப் பை தொங்கியதும் அரைகுறையாக நினைவிருக்கிறது. ஒட்டியிருந்த கிழிசல் மறுபடி திறந்துவிட்டது. உடம்பில் இரத்தம் குறையும்போது கொட்டாவி வரும், கை குளிரும், வியர்க்கும். இதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். இன்னும் கொஞ்சம் சுணங்கியிருந்தால் என்று சத்திரசிகிச்சை நிபுணர் பிறகு தொடங்கினார். முடிக்கவில்லை. நானும் முடிக்கச் சொல்லவில்லை.

தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது கணவர் பக்கத்தில் ஓடி வந்தார். நிபுணர் அவரிடம், "இனி எடுக்கத்தான் வேணும்" என்றார்.

"அது இல்லாம இருக்கலாமா ஐயா?"

"இருக்கலாம். வீட்டுக் காவலுக்கு நிக்கிற ஒருத்தரை வேலையால நிப்பாட்டின மாதிரி. வீடு இருக்கும். ஆனா கிருமி வந்தா மற்ற ஆக்கள்தான் கூடக் கவனமா நிக்கவேணும்."

"அப்ப எடுங்க. நான் காவலுக்கு நிக்கிறன்" என்றார் கணவர். எனக்குக் கேட்ட கடைசிச் சொல் அது.

கண் விழித்தபோது தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தேன். மூக்கில் ஒரு குழாய், வயிற்றில் ஒரு குழாய், நெஞ்சில் இருந்து தொப்புள் தாண்டி நேராக ஒரு தையல். வலி பெரிதாக இருந்தது, ஆனால் சுத்தமான வலி. முன்பிருந்த அந்தக் கனம் இல்லை. அந்தச் சிங்கள வைத்தியர் வந்து என் கன்னத்தைத் தட்டினார்.

"அம்மா, முடிஞ்சது. இப்ப தோள் வலி இருக்கா?"

இல்லை என்று தலையாட்டினேன். அவர் சிரித்த சிரிப்பை நான் மறக்கமாட்டேன்.

வெளியே நடந்ததைக் கமலா பிறகு எனக்குச் சொன்னாள். தியேட்டருக்கு வெளியே உட்கார ஒரு நீள வாங்கு. அதன் ஒரு நுனியில் என் கணவர், மறு நுனியில் ரஹீமா ராத்தா. ஊருக்குப் போகும் பஸ் போய்விடும் என்று சொன்னாலும் ராத்தா எழும்பவில்லை. பொழுதுபட்டு மஃரிப் தொழுகை நேரம் வந்ததும் நடையின் ஒரு மூலையில் சால்வையை விரித்துத் தொழ நின்றார். ஆஸ்பத்திரி நடை, ஆட்கள் போய் வந்துகொண்டே இருக்கும் இடம். தொழுகிறவருக்கு முன்னால் குறுக்கே போகக் கூடாது என்று என் கணவருக்குத் தெரியும். துறைமுகத்தில் முஸ்லிம் ஆட்களோடு எத்தனையோ வருடம் வேலை செய்தவர். எழும்பிப் போய் ராத்தாவுக்கு முன்னால், முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாராம். வருகிறவர்களை எல்லாம் "அங்கால சுத்திப் போங்க, அங்கால சுத்திப் போங்க" என்று கைகாட்டி அனுப்பினாராம். ராத்தா கையேந்தித் துஆ கேட்டு முடித்துச் சால்வையை மடிக்கும்வரை அந்த இடத்தைவிட்டு அசையவில்லையாம்.

"அவ நெடுநேரம் கேட்டவ மச்சாள்" என்றாள் கமலா. "அண்ணனும் நெடுநேரம் நிண்டவர்."

வீட்டுக்கு அனுப்பும்போது அறிவுரை நிறைய. மண்ணீரல் இல்லாதவர்களைச் சில கிருமிகள் வேகமாகத் தாக்கும் என்பதால் தடுப்பூசிகள் போட்டார்கள். காய்ச்சல் வந்தால் பனடோல் மாத்திரையைப் போட்டுவிட்டுப் படுக்கக் கூடாது, உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். எந்த வைத்தியரிடம் போனாலும் முதல் வார்த்தையாக இதைச் சொல்ல வேண்டும். பாரம் தூக்கக் கூடாது. சைக்கிளைப் பல மாதம் தொடக் கூடாது. கணவர் அந்தப் பருவம் கடலுக்குப் போகவில்லை. கரையில் இருந்து கிழிந்த வலை பொத்தினார். கிடைப்பது குறைவு. கேட்டால், "கடல் அங்கதானே கிடக்கு, எங்கயும் போகாது" என்பார்.

வீட்டில் கிடந்தபோதுதான் எனக்குக் கோபம் வந்தது. ஆஸ்பத்திரியில் கோபப்பட உடம்பில் இடம் இருக்கவில்லை. வீட்டில் வந்து பார்த்தவர்கள் எல்லாரும் ஒன்றையே சொன்னார்கள். "அந்தக் குழியள மூடவேணும் ரீச்சர். நீங்க முன்னுக்கு நில்லுங்க." வீதியின் ஒரு துண்டில் யாரோ சீமெந்து குழைத்துப் போட்டே மூடியிருந்தார்கள். நானும் முழுவதும் மூட வேண்டும் என்றுதான் நினைத்தேன். ஒவ்வொரு முறை வயிற்றுத் தையல் இழுக்கும்போதும் அப்படித்தான் நினைத்தேன்.

அதைக் கேள்விப்பட்டு ரஹீமா ராத்தா வந்தார். கதிரையில் இருக்கச் சொன்னால் இருக்கவில்லை.

"மூடச் சொல்லுங்க ரீச்சர். நான் மறிக்கல்ல. உங்கட வயித்த வெட்டினதுக்குப் பிறகு எனக்கு என்ன கதை இரிக்கு?"

அவர் வாசல் வரை போய்த் திரும்பினார். பிறகு மெதுவாக, யாரிடமோ சொல்வது போலச் சொன்னார்.

"ஆனா போன கிழம ராவு ஒரு லொறி அதில ஏறிக் கடகடத்திச்சு. நான் முழிச்சுத்தான் கிடந்தன். சத்தம் கேட்டு மறுகா நேராப் போயிட்டு. அந்த லொறிக்கு முன்னால ஆரு இருந்தாங்களோ தெரியா."

என் கோபம் பொய்யில்லை. அவர் கேட்ட சத்தமும் பொய்யில்லை. கடைசியில் என் வாயில் வந்தது இதுதான்:

"மூடவும் வேணாம் ராத்தா, இப்பிடியே கிடக்கவும் வேணாம். டிரைவருக்கும் முழிப்பு வரவேணும், எங்களுக்கும் ஓட இடம் வேணும். வாங்க, ரெண்டு பேருமாப் போய்க் கேப்பம்."

"என்னோடயா வாறீங்க?"

"உங்களோடதான்."

அலுவலகத்துக்குப் போனோம். ஒருவர் கணவனை இழந்தவர், ஒருவர் மண்ணீரலை இழந்தவர். ஒருவர் வேண்டும் என்கிறார், ஒருவர் வேண்டாம் என்கிறார் என்று அங்கே நினைத்திருப்பார்கள். இருவரும் ஒன்றையே கேட்டதும் குழம்பிப் போனார்கள். பல தடவை அலைந்த பிறகு ஓர் இளம் பொறியியலாளர் இடத்தைப் பார்க்க வந்தார். நல்ல பிள்ளை. சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு என் கணவரிடம், "அண்ணன், உங்கட சைக்கிளைத் தாங்க. நான் வாகனத்திலதான் இதில போய்ப் பாத்தனான்" என்றார்.

கோட்டுக்கு வெளியே ஏறி ஓடினார். கணவர் பயத்தில் பின்னாலேயே ஓடினார். கொஞ்சத் தூரம் போய் அவர் இறங்கி, கைகளை உதறிக்கொண்டு, சைக்கிளை உருட்டியபடி வந்தார்.

"வேற இடங்களில ஓரம் அகலம். இஞ்ச ஒடுக்கம்" என்றார். "கோட்டு மேலயே ஒடுக்கமாக் கீறலாம். நடுவில நடுவில வெட்டு விட்டா சைக்கிள் உள்ளுக்கும் வெளியிலயும் போய் வரலாம். கேட்டுப் பாக்கிறன். நாள் எடுக்கும்."

நாள் எடுத்தது. முழு வீதிக்கும் இன்னும் நடக்கவில்லை. எங்கள் துண்டிலும் பள்ளிக்கூடம் வரையும் மட்டும் பழைய குழிகளைத் தார் போட்டு நிரப்பி, வெள்ளைக் கோட்டின் மேலேயே ஒடுக்கமாகக் கீறியிருக்கிறார்கள். இடையிடையே வெட்டும் விட்டிருக்கிறார்கள். கோட்டுக்கு வெளியே தார் மறுபடி மழமழவென்று கிடக்கிறது. அங்காலே கதிரவெளி வரை போகிறவர்கள் இன்னும் மணலிலும் லொறிக்கு முன்னாலும்தான் ஓடுகிறார்கள். அதற்கும் அலைந்துகொண்டுதான் இருக்கிறோம்.

வைத்தியர் அனுமதி தந்த பிறகு முதல் நாள் பள்ளிக்குச் சைக்கிளில் போனேன். கணவர் பின்னால் வருகிறேன் என்றார். வேண்டாம் என்றேன். கொஞ்சத் தூரம் போய்த் திரும்பிப் பார்த்தால், பத்து வீட்டுக்கு அங்கால் தன் சைக்கிளில் வேறு எங்கோ போகிறவர் போல வந்துகொண்டிருந்தார். பயம் போகவில்லை. ஒரு லொறி கடந்தபோது இறங்கி, அது மறையும்வரை நின்றேன்.

ரஹீமா ராத்தாவின் வீடு, வீதி வளையும் முடக்குக்குச் சற்று முன்னால் இருக்கிறது. அவர் வளவு வாசலில் நின்றார். நான் பிரேக் பிடித்துக் காலை ஊன்றினேன்.

"ஆரப் பாத்துட்டு நிக்கிறீங்க ராத்தா?"

"உங்களத்தான். மறுகா வாற ஆக்களயும்தான். வட்டைக்குப் போறவங்க, மீனுக்குப் போறவங்க எல்லாரும் முடக்குத் தாண்டும் மட்டும் பாத்துட்டுத்தான் உள்ள போறனான்." முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். "அவரு போன அண்டைக்கு நான் வந்து பாக்கல்ல ரீச்சர். அடுப்படியில நிண்டுட்டன்."

நான் காலை ஊன்றியபடியே நின்றேன்.

"போங்க ரீச்சர். சுணங்கினா புள்ளைகள் தேடும்."

நான் ஏறி மிதித்தேன். திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் விழுந்துவிடுவேன். முடக்குத் தாண்டும்வரை அவர் அந்த இடத்தில் நின்றார் என்று மட்டும் எனக்குத் தெரியும்.